கட்டுடைப்போம்; கண்மூடோம்!

“ஆயி என்று ஒருத்தி வாழ்ந்தது உண்மையா?”

“வாழ்ந்தாள் என்பதும் ஒரு கதை; வாழவில்லை என்பதும் ஒரு கதை. இரண்டும் பிரதிகளே! உண்மை என்பதே ஒரு கட்டுக்கதை!”

பாகூர் ஏரிக்கரையில், ஒரு மாலைப் பொழுதில் கூடிய படிப்பு வட்டத்திலே நாம் கேட்ட வினாவும் விடையும் இவை. வினவியவர், பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு வணக்கம் போட்டுவிட்டு, வயலிலே கூலிக்கு உழைக்கும் தோழர். விடை தந்தவர், நகரத்துக் கல்லூரியிலே இலக்கியம் பயின்று, பட்டமும் பெற்று, பை நிறையத் தடித்த ஏடுகளோடு ஊர் திரும்பியிருக்கும் இளைஞர். கேட்டவர் வாயடைத்துப் போனார். சொன்னவர் வெற்றி கிட்டியதாக எண்ணிப் புன்முறுவல் பூத்தார்.

நாம் புன்முறுவல் பூக்கவில்லை. அந்த இளைஞர்மீது நமக்குச் சினமும் இல்லை. படித்தவர்; பண்பாளர்; பழமையின் பிடியை உதறியவர்; நம்மவர். அதனால்தான் எழுதுகிறோம். மாற்றான் பிழை செய்தால் நகைத்துவிட்டு நடக்கலாம்; நம்மவர் பிழை செய்தால் நின்று பேசத்தான் வேண்டும்!

அவர் பையிலிருந்த ஏடுகளின் பொதுப்பெயர் பின்நவீனத்துவம். பூச்சாண்டி காட்டும் சொற்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அதன் பொருள் அத்தனை கடினமன்று. 1967-இல் பிரான்சு நாட்டு ரொலான் பார்த், ஆசிரியன் இறந்துவிட்டான் என்றார். கதைக்குப் பொருள் கூறும் உரிமை எழுதியவனுக்கு மட்டும் பட்டா எழுதித் தரப்பட்டதன்று. படிப்பவனுக்கும் அதில் பங்குண்டு என்பது அதன் கருத்து. அதே ஆண்டில் ழாக் தெரிதா கட்டுடைப்பு என்னும் முறையை விரித்துரைத்தார். எழுத்து கட்டிய மேல்–கீழ், மையம்–ஓரம் என்னும் அடுக்குகளை, அந்த எழுத்தின் சொற்களைக் கொண்டே கலைத்துக் காட்டலாம் என்பது அது. அறிவும் ஆட்சியும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பதை மிசேல் ஃபூக்கோ விளக்கினார். 1979-இல் லியோதார், கனடாவின் கியூபெக் மாநில அரசுக்காக அறிவின் நிலைபற்றி எழுதிய அறிக்கையிலே, பெருங்கதையாடல்களில் மனிதர் நம்பிக்கை இழந்த காலம் இது என்றார்.

தமிழுக்கும் இச்சரக்கு வந்தது. 1982-இல் தமிழவன் எழுதிய ‘ஸ்டரக்சுரலிசம்’ வழி திறந்தது. 1990-களில் ரவிக்குமார், அ. மார்க்ஸ், பொ. வேல்சாமி ஆகியோர் நடத்திய ‘நிறப்பிரிகை’ அவ்வழியை அகலமாக்கியது. நம் புதுவையிலேயே பிரேம், ரமேஷ் இருவரும் இணைந்து எழுதினர். ராஜ் கௌதமன் புதுவைக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்துக்கொண்டே, தலித் பார்வையில் தமிழ் வரலாற்றைத் தலைகீழாகப் புரட்டிப் படித்தார். இவர்கள் உழைப்பை நாம் இழித்துரைக்க வரவில்லை. ஒடுக்கப்பட்டோர் எழுத்தையும் பெண்கள் எழுத்தையும், ‘இதுவும் இலக்கியமா?’ என்று ஏளனம் பேசிய வாய்களை அடைப்பதற்கு இந்தக் கருவியும் கை கொடுத்தது. மறுக்கவில்லை, மகிழ்கிறோம்.

ஆனால் கேட்கிறோம்: கதையைத் திருப்பிப் படிக்க நமக்குப் பாரிசு நகரந்தான் கற்றுத்தர வேண்டியிருந்ததா?

1943-இல் அண்ணா, கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் முன்வைத்து, சென்னையிலே இரா. பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்திலே சோமசுந்தர பாரதியாரோடும் சொற்போர் நடத்தினாரே, அப்போது தெரிதாவின் வயது பதின்மூன்றைத் தாண்டவில்லை! 1946-இல் புலவர் குழந்தை ‘இராவண காவியம்’ படைத்து, அரக்கன் எனப்பட்டவனைத் தலைவனாக்கினார். 1948-இல் அரசு அதற்குத் தடை விதித்தது. 1971-இல்தான் தடை நீங்கியது. அவருக்கும் முன்னால், 1937-இல் பாரதிதாசன் ‘புரட்சிக்கவி’ தந்தார். வடமொழியில் வழங்கிய பில்கணன் கதைதான் அதற்கு மூலம். பழைய கதையிலே மன்னன் மனம் இரங்குகிறான்; கவிஞன் பிழைக்கிறான். பாரதிதாசன் கதையிலோ மக்கள் திரள்கிறார்கள், முடியாட்சி சாய்கிறது! ஒரு பனுவலுக்குள் இன்னொரு பனுவல் ஊடாடுகிறது என்று மேனாட்டார் பெயர் சூட்டுமுன்பே, புதுவைத் தெருவில் நடந்த கவிஞர் அதைச் செய்து காட்டிவிட்டார்.

ஆக, கட்டுடைப்பு நமக்குப் புதிதன்று. பின் சண்டை எதற்கு? கட்டை உடைத்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குத்தான் சண்டை!

ஆயி கதைக்கே வருவோம். புதுவை நகரிலே, பாரதி பூங்காவின் நடுவே வெண்ணிறமாக நிற்கிறது ஆயி மண்டபம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பட்டது. நகருக்கு மேற்கே, முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்தாருக்குக் குடிநீர் கொண்டுவந்ததன் நினைவுச் சின்னம். அந்நீரோடு ஒட்டி வழங்கும் கதை இது: விசயநகரத்துக் கிருட்டிண தேவராயர் அவ்வழியே வந்தார், விளக்கொளியில் மின்னிய மாளிகை ஒன்றைக் கண்டார், கோயில் என்று எண்ணிக் கைகூப்பித் தொழுதார். அது ஆயி என்னும் தாசியின் வீடு என்று அருகிருந்தோர் கூறினர். மன்னர் சினந்தார், வீட்டை இடித்துத் தள்ள ஆணையிட்டார். ஆயி தானே தன் வீட்டை இடித்து, அவ்விடத்தில் ஊரார்க்குக் குளம் வெட்டித் தந்தாள்.

இக்கதையைப் பழைய முறையில் படிப்போர் என்ன சொல்வர்? ‘ஆகா, எத்தகைய தியாகம்!’ என்று கண்ணீர் உகுப்பர். கட்டுடைக்கத் தெரிந்தவர் வேறு கேள்வி கேட்பார். தொழும்போது இருந்த சுவர்தானே, சினந்தபோதும் இருந்தது? செங்கல் மாறிற்றா? சுண்ணாம்பு மாறிற்றா? மாறியது ஒரு சொல்! ‘கோயில்’ என்ற சொல் போய், ‘தாசி வீடு’ என்ற சொல் வந்தது. தொழுத கை வாளைத் தேடியது. அப்படியானால் தூய்மை என்பது கல்லில் இல்லை, சொல்லில் இருக்கிறது, சொல் அரசன் கையில் இருக்கிறது! பிழையாகக் கும்பிட்டவன் மன்னன். தண்டனை பெற்றவள் பெண். இதைத் தியாகம் என்று பாடுவது, தண்டனைக்குப் பொன்முலாம் பூசுவதன்றி வேறென்ன?

நல்ல வாசிப்பு. இதைச் சொல்லித் தர வந்த கோட்பாட்டிற்கு நம் வணக்கம். ஆனால் நம் இளைஞர் இங்கே நிற்கவில்லை. இன்னும் ஓரடி எடுத்து வைத்தார், குழியில் விழுந்தார். ‘பொருள் பல’ என்பதிலிருந்து ‘உண்மையே இல்லை’ என்பதற்குத் தாவினார். இரண்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தைத்தான் நாம் சுட்டிக்காட்ட விரும்புகிறோம்.

தொலைவு போக வேண்டாம். வில்லியனூரை அடுத்த கீழூருக்கு வாருங்கள். 1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சிந்தியாவின் மக்கள் பேராளர் 178 பேர் அங்கே கூடினர். இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவாக 170 பேரும், எதிராக 8 பேரும் வாக்களித்தனர். அவ்வாக்கெடுப்பின் பொருள் என்ன? விடுதலையின் விடியல் என்பார் ஒருவர். நேரே மக்களைக் கேட்காமல் பேராளரைக் கேட்டது முறையா என்பார் இன்னொருவர். உழவனுக்கு அதனால் ஒரு காணி நிலம் வந்ததா என்பார் மூன்றாமவர். மூவரும் பேசலாம், பேச வேண்டும். ஆனால் 170 என்பதை 70 என்று படிக்க எவருக்கும் உரிமை இல்லை! பொருள் பல, நடந்தது ஒன்று. இந்த வேறுபாட்டை மறந்தவன், கட்டுடைப்பவன் அல்லன், கண்மூடுபவன்.

‘அது வரலாறு, நாங்கள் பேசுவது புனைகதை’ என்பீர்கள். சரி, புனைகதைக்கே வருகிறோம்.

புதுவை மண் ஈன்ற பிரபஞ்சன், ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்று இரு புதினங்கள் தந்தார். பின்னதற்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இரண்டுக்கும் ஊற்று, 1736-இல் தொடங்கி ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு. அவர் துய்ப்ளேக்சு ஆளுநரின் துபாசி, செல்வர், வணிகர். பின்நவீனத்துவம் இங்கே நன்றாகவே கேள்வி கேட்கும்: எழுதியவர் யார்? எந்தத் திண்ணையில் அமர்ந்து எழுதினார்? அத்திண்ணையிலிருந்து எவை தெரிந்தன, எவை தெரியவில்லை? 1749-இல் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைச் சந்தா சாகிபு பிரெஞ்சுக்காரருக்கு வழங்கினாரே, கொடுத்தவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. கொண்டவர் பெயர் இருக்கிறது. அம்மண்ணை உழுதவர் பெயர் எங்கே? துபாசிக்கு நாட்குறிப்பு உண்டு, பண்ணையாளுக்கு உண்டா? கேளுங்கள்! கதையின் வெற்றிடத்தில் காது வைத்துக் கேளுங்கள்! புதினம் அந்த வெற்றிடத்தை எங்கே நிரப்பியது, எங்கே நிரப்பாமல் விட்டது என்று எடை போடுங்கள்!

ஆனால் அதே நாட்குறிப்பில், 1743-ஆம் ஆண்டுப் பகுதியில் இன்னொரு செய்தி உண்டு. ஊர்ப்புறத்து ஏழைகளை வஞ்சகமாகப் பிடித்து, அடைத்து வைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமை அது. இதைப் படிக்கும்போது என்ன சொல்வீர்கள்? ‘இதுவும் ஒரு கதையாடல், அடிமை என்பதும் ஒரு குறி, கப்பல் என்பதும் ஒரு குறி, குறிகள் முடிவின்றி நழுவுகின்றன’ என்பீர்களா? குறி நழுவலாம், தோழரே! காலில் பூட்டிய விலங்கு நழுவவில்லையே! பிடித்தவன் சொல்லும் கதையும், பிடிபட்டவன் சொல்லாமலே கடலில் மறைந்த கதையும், ஒரே தட்டில் வைக்கத்தக்க இரு பிரதிகளா? உண்மை இல்லை என்று நாம் சொல்லும் அன்றே, அந்தக் கப்பல்காரன் விடுதலையாகிவிடுகிறான்!

ஆசிரியன் இறந்தான் என்ற முழக்கத்தையும் ஒருமுறை மண்ணில் இறக்கிப் பார்ப்போம். பாரிசிலே அது கட்டுரைத் தலைப்பு. தமிழ்நாட்டிலே? பெருமாள்முருகன் 2010-இல் ‘மாதொருபாகன்’ வெளியிட்டார். சாதியும் மதமும் கைகோத்து நூலைக் கொளுத்தின, ஊரை அடைத்தன. 2015 சனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னே ‘அமைதிப் பேச்சு’ நடந்தது. பின், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவர் தம் கையாலேயே அறிவிக்க நேர்ந்தது. 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் அவர் மீண்டும் எழுத வந்தார். ஓரிடத்தில் ஆசிரியனின் சாவு வாசகனுக்கு விடுதலை. இன்னோரிடத்தில் ஆசிரியனின் சாவு சாதிக்குத் திருவிழா! இரண்டையும் ஒன்றெனக் கருதி, வகுப்பறையிலே ‘ஆசிரியன் இறந்தான்’ என்று கைதட்டிக் கற்பிப்பவர்கள், நாமக்கல்லின் பக்கம் ஒருமுறையாவது திரும்பிப் பார்த்ததுண்டா?

இதைவிடப் பேரிடர் ஒன்று உண்டு. அறிவியலும் ஒரு கதையே; புராணமும் ஒரு கதையே; ஒன்றைவிட மற்றொன்று உயர்ந்ததன்று என்ற பேச்சு, முற்போக்கு மேடையில் பிறந்தது. யார் வீட்டில் போய் வளர்ந்தது? 2014-இல் மும்பையிலே மருத்துவமனைத் திறப்பு விழாவில், பிள்ளையாரின் யானைத் தலையைப் பண்டை நாளின் ஒட்டுறுப்பு அறுவைக்குச் சான்றாக நாட்டின் தலைமை அமைச்சரே காட்டினார். என்ன சொல்லி மறுப்பீர்கள்? ‘உண்மை இல்லை’ என்ற வாளை நீங்களே அல்லவா எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்! இத்தகைய சிந்தனை மதவெறிக்குப் படிக்கட்டாகும் என்று மீரா நந்தா 2003-லேயே நூல் எழுதி எச்சரித்தார். அதற்கும் முன்பு, 1996-இல், ஆலன் சோக்கல் என்ற இயற்பியல் பேராசிரியர், பொருளற்ற வாசகங்களைக் கோத்து, பெரிய பெரிய பெயர்களைத் தூவி, ஒரு கட்டுரை எழுதி அமெரிக்கக் கோட்பாட்டு ஏடொன்றுக்கு அனுப்பினார். அச்சேறிற்று! பிறகு, அது கேலிக்காக எழுதியது என்று அவரே அறிவித்தார். பொருள் புரியாததையே ஆழம் என்று வணங்கியவர்களின் பூசையறை அன்று வெளிச்சத்துக்கு வந்தது.

சீடர்கள் இப்படி, குருமார் எப்படி? 1971-இல் ஃபூக்கோ, சிறையில் கிடப்போரின் குரலை வெளியே கொணர ஒரு குழுவைத் தொடங்கி உழைத்தார். 1989-இல் தெரிதா, சட்டத்தைக் கட்டுடைக்கலாம், நீதியைக் கட்டுடைக்க இயலாது என்ற கருத்தை எடுத்துரைத்தார். குரு சிறை வாயிலுக்குப் போனார். சீடர் சேரிக்குக்கூடப் போகவில்லை! குரு நீதியை நிலைநிறுத்தினார். சீடர் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை! இரவல் வாங்கியதையாவது முழுதாக வாங்கியிருக்க வேண்டாமா?

பாகூருக்கு இன்னொரு நினைவும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் வடமொழிக் கல்லூரிக்கு மூன்று ஊர்கள் கொடையாகத் தரப்பட்டன. அதைக் கூறும் செப்பேட்டைப் பாருங்கள். மன்னர் குலம் நான்முகன் வழிவந்தது என்ற புகழ்மாலை வடமொழியில் இருக்கிறது. ஊரின் எல்லையும், வரி நீக்கமும், கொடை விவரமும் தமிழில் இருக்கின்றன. புகழ் ஒரு மொழியில். புழுதி ஒரு மொழியில்! கல்வி மேலே, கல்விக்குச் சோறிட்ட கழனி கீழே!

இன்றைய கோட்பாட்டு ஏடுகளைப் புரட்டும்போது நமக்கு அச்செப்பேடுதான் நினைவுக்கு வருகிறது. பனுவல் என்ற பழந்தமிழ்ச் சொல் இருக்கப் ‘பிரதி’ என்கின்றனர். பிறன் என்றால் விளங்கும், ‘மற்றமை’ என்கின்றனர். ஒரு பத்திக்குள் ஏழு மேனாட்டுப் பெயர்கள். ஏழு பத்திக்குள் ஒரு தமிழ்க் கதைகூட இல்லை. வேலி போட்டு வைப்பதற்கு வடமொழி வேண்டுமென்பதில்லை. விளங்காத தமிழும் போதும். அதிகாரத்தை உடைக்க வந்தோம் என்பவர்கள், சொல்லாலேயே ஓர் அதிகாரத்தைக் கட்டுவது எத்தகைய வேடிக்கை! அன்று கூலித் தோழர் ஏன் வாயடைத்துப் போனார்? வாதத்தில் தோற்றதால் அன்று. சொல்லில் நுழைய வாயில் இல்லாததால்!

இளைஞர்களே! கதையைப் படியுங்கள். ஐயத்தோடு படியுங்கள். சொன்னவன் யார் என்று கேளுங்கள். சொல்லப்படாதவன் யார் என்று கேளுங்கள். இவ்விரண்டையும் எந்நாட்டு அறிஞர் கற்றுத் தந்தாலும் வரவேற்போம். அறிவுக்குச் சுங்கச்சாவடி வேண்டாம். ஆனால் மூன்றாவது கேள்வியை மறவாதீர்: நடந்தது என்ன? அதனால் நலிந்தவர் எவர்? இக்கேள்வியைக் கைவிட்ட வாசிப்பு, மருந்தைக் கொட்டிவிட்டுப் புட்டியின் அழகைப் பாடுவதாகும்.

அந்த மாலை எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறோம். கூட்டம் கலையும் வேளை. ஏரிக்கரையில் இருள் இறங்கிக்கொண்டிருந்தது. வாயடைத்திருந்த தோழர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இளைஞரைப் பார்த்து மெல்லக் கேட்டார்:

“தம்பி, ஆயி இருந்தாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ஆனா குளம்னு ஒண்ணு இருந்தா, மண்ணு சுமந்தவங்க இருந்திருக்கணுமே? அவங்களப் பத்தி உங்க புத்தகத்துல ஏதாவது இருக்கா?”

இளைஞர் பையைத் திறக்கவில்லை. நெடுநேரம் நின்றார். பிறகு, “இல்லண்ணே. எழுதணும்” என்றார்.

மன்னனையும் மறுத்து, மண்டபத்தையும் மறுத்து, ஆயியின் தியாகப் பாட்டையும் தாண்டி, மண் சுமந்த கூடைக்குப் போய்ச் சேர்ந்தது அந்தக் கேள்வி. எந்த ஏட்டிலும் படிக்காத கட்டுடைப்பு அது. உண்மையைக் கைவிடாத கட்டுடைப்பும் அது. அந்த இளைஞர் எழுதட்டும். அடுத்த கூட்டத்தில் அத்தோழர் முன்னிலையிலேயே அதைப் படிக்கட்டும். அவருக்கு விளங்கும் தமிழில் படிக்கட்டும். வில்லியனூரிலும் பாகூரிலும் உள்ள ஒவ்வொரு படிப்பு வட்டமும் அவ்வழி நடக்கட்டும்!

கட்டுடைப்போம்; கண்மூடோம்!